நாளுக்கு 14 மணி நேரம் அணியும் ஆர்.ஜி.பி. லென்ஸுக்கு எந்தப் பொருள் ஏற்றது: டி.கே. 18-ஆ, 58-ஆ, 100-ஆ?

முதுநகர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் வசிக்கிறேன், வேலை புதுச்சேரியில். கருவிழி கூம்பு போல முன்னுக்குத் துருத்திக்கொண்டு வரும் கெரட்டோகோனஸ் என்னும் கோளாறு எனக்கு இரு கண்களிலும் உண்டு. இடக்கண்ணில் அது முற்றிய நிலை. வலக்கண்ணில் தொடக்க நிலை. இடக்கண்ணுக்கு, கருவிழியை உறுதிப்படுத்தும் சி-3-ஆர் சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன, அதன்பின் வளைவு கூடவில்லை. மூக்குக் கண்ணாடியில் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு மூன்று நிழல்களோடு தெரிவதால், கடைகளில் 'செமி சாஃப்ட்' என்று சொல்லித் தரும் ஆர்.ஜி.பி. லென்ஸைத்தான் (ஆக்சிஜனை உள்ளே விடும் கெட்டியான காண்டாக்ட் லென்ஸ்) நம்பியிருக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு லென்ஸை அணிந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் கழற்றுகிறேன். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம் வழியாக நாள்தோறும் இருசக்கர வண்டியில் போய் வருவதால், புழுதியும் கடற்காற்றும் கண்ணுக்குப் பழகிப்போனவை. சென்ற முறை 'ஆக்சிஜனை மிக அதிகமாக விடும் பொருள்' என்று சொல்லி, டி.கே. (பொருள் ஆக்சிஜனை விடும் திறனைச் சொல்லும் எண்) 100-க்கு மேற்பட்ட லென்ஸை இரு கண்களுக்கும் ஓர் இடத்தில் கொடுத்தார்கள். கூடுதல் பணம் கொடுத்தால் கூடுதல் நன்மை கிடைக்கும் என்று எண்ணி நானும் வாங்கினேன். நான்கே மாதத்தில் பிற்பகலானால் பனி படர்ந்த சன்னல் வழியே பார்ப்பது போலாயிற்று. கழற்றி, வாஷ்பேசின் குழாயில் (எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்) ஒருமுறை அலசி மீண்டும் அணிந்தால் அரை மணி நேரம் தெளிவாக இருக்கும். பிறகு பழைய கதைதான். பதினான்காம் மாதத்தில் இடக்கண் லென்ஸ், துடைக்கும்போதே விளிம்பில் விரிசல் விட்டது.

இப்போது புதிய லென்ஸுக்கு அளவெடுத்த ஆப்டோமெட்ரிஸ்ட், பாஸ்டன் என்ற வணிகப் பெயரில் வரும் இ.எஸ்., இ.ஓ., எக்ஸ்.ஓ. என்ற மூன்று பொருள்களையும் அவற்றின் விலையையும் எழுதிக் கொடுத்து, யோசித்துச் சொல்லச் சொன்னார். இவற்றின் டி.கே. முறையே 18, 58, 100. என் இடக்கண் லென்ஸின் பவர் மைனஸ் 9. டி.கே. கூடக் கூட நல்லது என்பது உண்மையானால் சென்ற லென்ஸ் ஏன் அப்படி ஆயிற்று? குறைந்த டி.கே. உள்ள பொருள் கெட்டியானது என்பதால் அதையே வாங்கிவிடலாமா? அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

லாஸ்பேட்டை ஆப்டோம் எழுதியது:

வணக்கம் முதுநகர்வாசி. பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீங்கள் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் சொன்ன ஒன்றை இன்றே நிறுத்துங்கள். போர்வெல் தண்ணீர், கார்ப்பரேஷன் தண்ணீர், கேன் தண்ணீர், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் என எதுவும் லென்ஸின் மீது படக்கூடாது. தண்ணீரிலும் மண்ணிலும் இயல்பாக வாழும் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி, லென்ஸோடு ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் புகுந்தால் வரும் புண் கடும் வலியைத் தரும். மாதக்கணக்கில் சொட்டு மருந்து போட்டும் தழும்பு விட்டுப் போகக்கூடியது. மென்மையான சாஃப்ட் லென்ஸுக்குத்தான் இந்த ஆபத்து, ஆர்.ஜி.பி.க்கு இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. அலசுவதற்குப் பாதுகாப்புப் பொருள் கலக்காத ஸ்டெரைல் சலைன் போதும். கடலோரப் போர்வெல் நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி என்பதால், உங்கள் லென்ஸில் படர்ந்த 'பனி'யில் ஒரு பங்கு அந்தக் குழாயிலிருந்தே வந்திருக்கலாம்.

இனி டி.கே.க்கு வருகிறேன். அந்த எண் பொருளின் குணத்தைச் சொல்கிறதே தவிர, உங்கள் கண்ணுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனின் அளவைச் சொல்வதில்லை. அதற்கு டி.கே.யை லென்ஸின் தடிமனால் வகுக்க வேண்டும். தடிமனை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காக எழுதி, டி.கே.யை அதனால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் நாங்கள் பேசும் அலகு வந்துவிடும். உங்கள் லென்ஸின் நடுத் தடிமன் 0.15 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 18 உள்ள பொருளுக்கு 12, 58-க்கு ஏறத்தாழ 39, 100-க்கு 67 கிடைக்கும். ஆனால் மைனஸ் 9 லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தை நோக்கிப் பருத்தும் இருக்கும். அந்தப் பருத்த இடம் 0.25 மி.மீ. என்றால் அதே எண்கள் 7, 23, 40 என்று இறங்கிவிடும். நடுத் தடிமனை மட்டும் கணக்கிட்டு மனநிறைவு அடைவது கடைக்காரரின் கணக்கு.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஹோல்டன், மெர்ட்ஸ் ஆகிய இருவர் 1984-இல் வெளியிட்ட வரம்பைத்தான் பல ஆண்டுகளாகக் காட்டி வந்தோம்: கண் விழித்திருக்கும் நேரத்திற்கு 24, லென்ஸோடு உறங்குவதற்கு 87. பின்னர் 1999-இல் ஹார்விட், பொனானோ கணக்கில் இவை 35 ஆகவும் 125 ஆகவும் உயர்த்தப்பட்டன. ஆர்.ஜி.பி. லென்ஸுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. இது கருவிழியின் மேல் அசைந்து மிதப்பதால், ஒவ்வோர் இமைப்பின்போதும் அடியிலுள்ள கண்ணீரில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை மாறுகிறது. அந்தப் புதுக் கண்ணீரும் ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. சாஃப்ட் லென்ஸில் இந்த மாற்றம் ஒரு விழுக்காட்டை ஒட்டியதுதான். எனவே பொருத்தம் சரியாக இருந்து லென்ஸ் நன்றாக அசையுமானால், 23 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 7 என்ற எண்ணை எந்தப் பொருத்தமும் காப்பாற்றாது. 14 மணி நேரம் அணியும் உங்களுக்கு, அதுவும் மைனஸ் 9-இல், 18 உள்ள பொருளை நான் எழுதமாட்டேன்.

அப்படியானால் 100-ஐயே எடுத்துக்கொள்வது என்ன குற்றம் என்று கேட்பீர்கள். குற்றமில்லை, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பழைய லென்ஸ்களின் பி.எம்.எம்.ஏ. பிளாஸ்டிக் நல்ல கெட்டி, நன்றாக நனையும், ஆனால் ஆக்சிஜனை அறவே விடாது. 1970-களில் அதனோடு சிலிக்கோனைச் சேர்த்தபோது ஆக்சிஜனுக்கு வழி பிறந்தது. அதே சிலிக்கோன் தண்ணீரை விலக்குவதால் மேற்பரப்பு நனையாமலும், பொருள் சற்றே இளகி எளிதில் கீறல் படுவதாகவும் ஆயிற்று. இந்தக் குறையை ஈடுசெய்யத்தான் பின்னர் ஃபுளோரினைச் சேர்த்தார்கள். உங்களிடம் எழுதிக் கொடுத்த மூன்றும் இந்த ஃபுளோரோ சிலிக்கோன் அக்ரிலேட் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கலவை விகிதத்தில்தான் வேறுபாடு. பொதுவாக டி.கே. ஏற ஏற, மெல்லியதாகச் செய்த லென்ஸ் இமையின் அழுத்தத்தில் வளைவதும், கீறல் விழுவதும், எண்ணெய்ப் பசை ஒட்டுவதும் கூடும்.

உங்கள் இடக்கண்ணுக்கு வளையாமை முக்கியம். கெரட்டோகோனஸில் லென்ஸ் செய்யும் வேலையே, மேடுபள்ளமான கருவிழிக்கு மேல் ஓர் ஒழுங்கான முகப்பைத் தருவதுதான். லென்ஸே வளைந்து கருவிழியின் வடிவத்தை வாங்கிக்கொண்டால் அந்த வேலை பாதியில் நின்றுபோகும். சோதனை லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே அதன் மேல் கெரட்டோமீட்டர் (வளைவை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் வளைகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வளைவு இல்லையென்றால் 58-உம் நல்லது, 100-உம் நல்லது. வளைந்தால் 58-க்கு இறங்கலாம், அல்லது 100-லேயே நடுத் தடிமனை 0.02 மி.மீ. கூட்டச் சொல்லலாம். கருவிழியின் ஓரத்தில் புது இரத்தக் குழாய்கள் உள்ளே நீண்டிருந்தாலோ மாலையில் வீக்கம் தெரிந்தாலோ, மறுபேச்சில்லாமல் 100.

பக்கத்தில் யாராவது ஸ்கிளரல் லென்ஸ் அணிந்து, 100-க்குக் கீழே வாங்காதே என்று உங்களிடம் சொன்னால், அவருக்கு அது சரி. அது வெள்ளைவிழியின் மேல் அமரும் பெரிய லென்ஸ், தடிமனே 0.35 மி.மீ. அளவில் இருக்கும், அடியில் தேங்கும் திரவத்தையும் தாண்டித்தான் ஆக்சிஜன் போக வேண்டும், கண்ணீர் மாற்றமும் மிகக் குறைவு. அந்தக் கணக்கை உங்கள் சிறிய லென்ஸுக்குப் பொருத்த வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை எழுதியது:

தம்பி, நான் கெரட்டோகோனஸ்காரி அல்ல. மைனஸ் 12 பவர். 2003 முதல் ஆர்.ஜி.பி. அணிகிறேன். நீங்கள் கேட்ட 18 டி.கே. பொருளைத்தான் முதலில் ஆறு ஆண்டுகள் அணிந்தேன். கீறல் விழாது, உடையாது, கரும்பலகைச் சுண்ணத்தூள் விழுந்தாலும் ஒரு துடைப்பில் பளிச்சென்று ஆகும் என்று அதைப் புகழ்ந்துகொண்டே இருந்தேன். இரவில் லென்ஸைக் கழற்றிவிட்டு மூக்குக் கண்ணாடி போட்டால் அரை மணி நேரம், சில நாள்களில் ஒரு மணி நேரம்கூட, எல்லாம் மங்கலாகத் தெரியும். வயதாகிறது, களைப்பு என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆக்சிஜன் போதாமல் கருவிழி வீங்குவதும் உருமாறுவதும்தான் அது என்று பிறகுதான் மருத்துவர் விளக்கினார். 58-க்கு மாறிய மூன்றாம் வாரத்தில் அந்த மங்கல் போய்விட்டது. உங்களுக்கு மூக்குக் கண்ணாடியில் எப்போதுமே நிழல் தெரியும் என்பதால் இந்த அடையாளம் எளிதில் பிடிபடாது. எனவே நான் செய்தது போல் நீங்களாகவே கணித்துக்கொண்டிருக்காமல் ஆறு மாதத்திற்கு ஒருமுறை கருவிழிப் படம் எடுத்துப் பாருங்கள்.

பிறகு ஒருமுறை ஆசைப்பட்டு 100-க்கும் மேலான ஒன்றுக்குப் போனேன். கண்ணுக்கு இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு வழக்கம்: காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, சோப்புப் போட்டுக் கைகழுவி, லென்ஸை எடுப்பேன். கை சுத்தமாகத்தான் இருந்தது என்று சத்தியம் செய்திருப்பேன். அந்த எண்ணெயின் மிச்சமும், ஈரப்பதத்திற்காகக் கிரீம் சேர்த்த சோப்பும் லென்ஸில் படிந்து, பதினோரு மணி வகுப்புக்கே கரும்பலகை மங்கிவிடும். பழைய லென்ஸ் இந்தக் குற்றங்களையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கிறது, புதியது பொறுக்கவில்லை. இப்போது முதலில் லென்ஸ், பிறகு எண்ணெய், அதன்பின் கண்மை. சோப்பு வாசனையில்லாத சாதாரணச் சோப்பு. பொருள் என்னவோ மீண்டும் 58-தான்.

லேத்துக்காரன் எழுதியது:

லென்ஸ் கடையும் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். மேலே உள்ள மூவரும் பொருளின் பெயரைச் சொல்லி லென்ஸையே சொன்னதாக எண்ணுகிறார்கள். பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் விற்பது பட்டன் என்று நாங்கள் சொல்லும் சிறு வட்ட வில்லையை மட்டுமே. அதை வைர முனை கொண்ட லேத்தில் கடைந்து, மெருகேற்றி, லென்ஸாக்குவது வேறொரு கூடம். ஒரே பட்டன் இரண்டு கூடங்களில் இரண்டு விதமான லென்ஸாகும். உயர்ந்த டி.கே. பொருளை அவசரமாகக் கடைந்தாலோ மெருகேற்றும்போது சூடு ஏறவிட்டாலோ மேற்பரப்பு கருகிப்போகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்த இடத்தில் கண்ணீர் படியாமல் முத்து முத்தாக உருளும். லேத்தில் ஏற்றுவதற்குப் பட்டனை ஒட்டும் மெழுகு சரியாக நீங்காமல் இருந்தாலும் இதே விளைவுதான். முதுநகர்வாசியின் லென்ஸ் முதல் நாளிலிருந்தே மங்கியிருந்தால் கூடத்தைச் சந்தேகிப்பேன். நான்கு மாதம் நன்றாக இருந்து பிறகு மங்கியது என்பதால் படிவும் கீறலும்தான் காரணமாக இருக்க வேண்டும்.

விளிம்பு விரிசலுக்கும் பொருளை மட்டும் குறை சொல்ல முடியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தித் தேய்த்தால், எந்த ஆர்.ஜி.பி.யும் வளைந்து வளைந்து ஒருநாள் விண்டுவிடும். உள்ளங்கைக் குழியில் கிண்ணம் போல் நிமிர்த்தி வைத்து, சுண்டுவிரலால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். நுண்துகள் கலந்த கிளீனர் சில உண்டு, கெட்டிப் பொருளுக்கு அவை ஒத்துப்போகும்; மேற்பரப்பு நன்றாக நனைவதற்காகப் பிளாஸ்மா சிகிச்சையோ ஹைட்ரா-பெக் என்ற நீர்ப்பூச்சோ செய்த லென்ஸில் அதைப் போட்டால், காசு கொடுத்து வாங்கிய பூச்சை நாமே தேய்த்து எடுத்தது போலாகும்.

எண்களைப் பற்றியும் ஒரு சொல். மேற்பரப்பு எவ்வளவு நனைகிறது என்பதைக் காட்டும் நனையும் கோணம் என்று ஒரு நிறுவனம் 49 டிகிரி என்றும் இன்னொன்று ஒற்றை இலக்கத்திலும் அச்சிடும். பரப்பின் மேல் நீர்த்துளியை வைத்தும் அளக்கலாம், நீருக்குள் காற்றுக் குமிழியை வைத்தும் அளக்கலாம்; முறைக்கு முறை எண் மாறும். வெவ்வேறு முறையில் அளந்த எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் விடை வராது. டி.கே.யும் ஒரே முறையில் அளந்ததாக இருந்தால்தான் ஒப்பிடலாம். ஆப்டோம் ஐயா விட்டுவிட்ட ஒன்று ஒளிவிலகல் எண். இ.எஸ்.ஸுக்கு 1.443, எக்ஸ்.ஓ.வுக்கு 1.415. எண் குறைந்தால் அதே மைனஸ் 9-க்கு விளிம்பு இன்னும் பருக்கும்; டி.கே.யில் ஏறிய லாபத்தில் கொஞ்சம் தடிமனில் கழிந்துவிடும். எடையும் அப்படியே: எக்ஸ்.ஓ. 1.27 அடர்த்தி, அதே வரிசையில் வரும் எக்ஸ்.ஓ.2 என்ற இன்னொரு பொருள் வெறும் 1.19. கனத்த லென்ஸ் கண்ணில் கீழே இறங்கி உட்காரும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தச் சின்ன வித்தியாசம் பெரிது.

லாஸ்பேட்டை ஆப்டோம் எழுதியது:

ஒளிவிலகல் எண்ணைச் சுட்டியதற்கு நன்றி. நான் சொல்லியிருக்க வேண்டியதுதான். விளிம்புப் பருமனை, விளிம்பை மட்டும் தனியாக மெலிதாக்கும் வடிவமைப்பால் குறைக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதுநகர்வாசி எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தண்ணீர் விவகாரத்தை அன்றே நிறுத்தினேன். வண்டியில் முகத்தோடு ஒட்டி வளையும் கண்ணாடி அணிகிறேன். சோதனை லென்ஸின் மேல் கெரட்டோமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னபோது ஆப்டோமெட்ரிஸ்ட் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் செய்தார். இடக்கண்ணில் 100 பொருள் சோதனை லென்ஸ் அரை டயாப்டருக்கு மேல் வளைந்தது. 58-இல் அது ஏறத்தாழ இல்லை. கருவிழி ஓரத்தில் புதுக் குழாய்கள் எவையும் இல்லை என்றும் சொன்னார். எனவே இடக்கண்ணுக்கு 58, நடுத் தடிமன் 0.16. வலக்கண்ணில் பவர் குறைவு, வளைவும் இல்லை என்பதால் அதற்கு 100. இரண்டு கண்களுக்கும் இரண்டு பொருள் என்று யோசிக்கவே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு அரியாங்குப்பம் பாலத்தில் வரும்போது எதிர்வண்டியின் எண் தெரிகிறது, அது போதும்.

ஓர் ஐயம் மட்டும் மிச்சம். இரண்டு லென்ஸும் ஒரே நீல நிறத்தில் வந்துவிட்டன. நேற்றுக் காலை இடம் வலம் மாறி, கால் மணி நேரம் அவதிப்பட்டேன்.

லேத்துக்காரன் எழுதியது:

அடுத்த முறை வலக்கண்ணுக்குப் பச்சை, இடக்கண்ணுக்கு நீலம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பட்டன் இரு நிறத்திலும் கிடைக்கும். இப்போதைக்கு, கூடத்திற்குத் திருப்பி அனுப்பினால் வலக்கண் லென்ஸின் விளிம்பில் ஒரு கரும்புள்ளி வைத்துத் தருவார்கள். நீங்களே மார்க்கர் பேனாவால் வைக்கவேண்டாம்.